அடி தெரியும் குளம்

2011 மே 26, வியாழக்கிழமை காலை, இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் மார்ஸ்டன் லேசி கிராமத்தின் தோட்டக் குழுத் தலைவி மிசஸ் ப்ராசர் நார்மன் பக்னலின் கொல்லைக் குளத்தைப் பார்வையிட வந்தார்.

ஆண்டுதோறும் ஜூனில் ஒரு ஞாயிறு, ஊரின் நல்ல தோட்டங்களை ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். வசூல் தேவாலயக் கூரையின் பழுதுச் செலவுக்குப் போகும். போன வருடம் நார்மனின் தோட்டத்தைச் சேர்க்கவில்லை. "பட்டாணி சூப் ரெடி, ரொட்டி எங்க?" என்று மிசஸ் ப்ராசர் பாசியால் பச்சையாகிக் கிடந்த குளத்தைப் பார்த்துக் கேட்டது மதுக்கடை வரை பரவியது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் நார்மன் தன் கையால் வெட்டி, ரப்பர் விரிப்புப் போட்ட குளம் அது. இந்த வருடமும் விட்டுப்போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று நினைத்தார்.

அவர் மனைவி முரியலுக்கு முழங்கால் போய்விட்டது. காலையில் கரையில் நாற்காலி போட்டுத் தங்கமீன்களுக்குத் தீனி போடுவார். அதற்குத்தான் வெளியே வருவார். மீன்களுக்கு பிஸ்கட்டுகளின் பெயர் வைத்திருந்தார்.

பாசியை ஒழிக்க பார்லி வைக்கோலை முரியலின் பழைய காலுறையில் திணித்துக் குளத்தில் போட்டிருந்தார்கள். அது வேலை செய்ய இன்னும் சில வாரமாகும். நார்மன் காத்திருக்கவில்லை. புதன்கிழமை மீன்களைத் தொட்டியில் மாற்றி, குளத்தை இறைத்து, விரிப்பைத் தேய்த்தார். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் வெளுக்கும்வரை கசக்கினார். பிறகு குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டார்.

"குளோரினை எடுக்கிற மருந்து ஊத்தினியா?" என்றார் முரியல்.

"தீர்ந்துபோச்சு. நாம குடிக்கிற தண்ணிதானே. உன் டீயும் இதுலதான்."

"நான் டீக்குள்ள மூச்சு விடல, நார்மன்."

மறுநாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"அட, என்னை வரவேற்க வந்திருக்குதுங்க," என்றார் மிசஸ் ப்ராசர்.

முரியல் கைத்தடியை ஊன்றிச் சமையலறை வாசலுக்கு வந்தார். "மூச்சு முட்டுது அதுங்களுக்கு. மழைத்தண்ணி பீப்பாயில தூக்கிப் போடு."

மிசஸ் ப்ராசர் வானத்தைப் பார்த்தார். "சாயங்காலம் தூறும் போலிருக்கு."

"தூறினா நல்லதுதான்," என்றார் நார்மன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி அவளுக்குத் தூக்கமில்ல. டீ சாப்பிடுறீங்களா?"

"நார்மன்."

"இரு கண்ணு, விருந்தாளி இருக்காங்க."

டீ வந்தது. கேக்கும் வந்தது. ரோஜாவுக்கு என்ன உரம் என்று மிசஸ் ப்ராசர் விசாரித்தார். நார்மன் விரிவாகச் சொன்னார். முரியல் வாசலிலேயே நின்றார். நார்மன் கைபிடிக்காமல் படி இறங்க அவரால் முடியாது.

"உங்க தோட்டத்தைச் சேர்த்தாச்சு," என்றார் மிசஸ் ப்ராசர், கிளம்பும்போது. "அடி வரைக்கும் தெரியுதே."

அவரை வழியனுப்பிவிட்டு நார்மன் வலையோடு ஓடினார். பீப்பாயில் விட்ட மீன்களில் ஒன்றும் மாலைவரை தாங்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் புதைத்தார்.

"புதுசா வாங்கிடலாம்," என்றார்.

"யாருக்குக் காட்ட?" என்றார் முரியல்.

தோட்டத் திறப்பு நாளன்று நல்ல வெயில். முரியல் மாடியறையிலேயே இருந்தார். வந்தவர்கள் குளத்தைச் சுற்றி நின்று, தண்ணீர் எவ்வளவு தெளிவு என்றார்கள். மீன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மணிக்குள் கேக் தீர்ந்துவிட்டது.