யாரோ திறந்த வீடு

லிஃப்ட் மெக்கானிக்கின் விலாசம் இணையத்தில் வெளியான காலையிலிருந்து அவர் வீட்டுக் கதவுகள் மூடவில்லை. வாசற்கதவு, கொல்லைக்கதவு, ஜன்னல்கள் எல்லாம் தள்ளினால் முக்கால்வாசி வரும். கையை எடுத்ததும் பழையபடி சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். தச்சர் வந்து கீலைக் கழற்றி மாட்டினார், அடிப்பக்கம் இழைத்தார், தோளைக் கொடுத்து முட்டினார். மரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு உளியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். திரைச்சீலை கட்டினால் காற்றே இல்லாத நேரத்தில்கூட அது கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

விலாசத்தை வெளியிட்டது ‘யாரோ’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டம். அதில் எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள் என்பது அதில் இருப்பவர்களுக்கே தெரியாது. ஆளுக்கொரு பட்டப்பெயரோடு இணையத்தில் ஓர் அரட்டை அறையில் கூடுவார்கள். பெரிய இடத்துக் கணினிகளுக்குள் புகுந்து ஒளித்துவைத்ததை ஊருக்குக் காட்டுவார்கள். ஓர் ஆலை ஆற்றில் கழிவைத் திறந்துவிட்டதை ஆலையின் சொந்தக் கேமராக்களிலிருந்தே எடுத்துப் போட்டபோது, மெக்கானிக் அதை மகளுக்குக் காட்டி, “கேக்க நாதியில்லன்னு நெனச்சானுங்க, பாரு, கேட்டுட்டாங்க” என்று குதூகலித்தவர்தான். பிறகு அந்த ஆலைக்கு எதிரே ஊர்வலம் நடந்தது. ஹெல்மெட் போட்ட ஒருவன் அதில் வந்த டீச்சரம்மாவைப் படியிலிருந்து தள்ளிவிட்டான். அந்தம்மாவின் இடுப்பு முறிந்தது. வீடியோவில் அவன் சட்டை முதுகில் மெக்கானிக் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியின் முத்திரை தெரிந்தது. ஊரெல்லாம் கொதித்தது, ‘யாரோ’வும் கொதித்தார்கள். நடையையும் தோளையும் ஒப்பிட்டு, மெக்கானிக்கின் படம், வீட்டு எண், மகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் போட்டார்கள். டீச்சரம்மா விழுந்த நேரத்தில் அவர் ஒரு வங்கிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் குந்தி, கம்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

வந்தவர்களுக்குக் கதவைத் தட்டும் வேலை இருக்கவில்லை. சிலர் வாசலில் நின்று திட்டினார்கள், சிலர் அடுக்களைவரை வந்து அடுப்பைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மனைவி உடை மாற்ற மகள் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மகளுக்கு மனைவி நின்றாள். காவல் நிலையத்தில் எழுத்தர், “யாரு போட்டது?” என்று கேட்டார். “யாரோ சார்.” “அதான்யா, யாரு?” “யாரோதான் சார்.” எழுத்தர் பேனாவை மூடிவிட்டு, தெரிந்துகொண்டு வரச் சொன்னார். வேறு வீடு பார்த்துப் போனார்கள். அங்கே கதவுகள் ஒழுங்காக மூடின. மனைவி அன்று நாள் முழுக்க மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். வாரம் திரும்புவதற்குள் எவனோ அந்த விலாசத்தையும் தேடிப் போட, அலமாரிக் கதவு உட்பட எல்லாம் மல்லாந்தன. பழைய வீட்டுக்கே திரும்பினார்கள்.

வேலையும் போனது. அவர் ஏறி நின்றால் லிஃப்டின் கதவு மூட மறுத்தது. மூடாத லிஃப்ட் நகராது. கம்பெனியில் யாரும் அவர்மேல் கோபப்படவில்லை. மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்து, “ஒன் மேல தப்பில்லப்பா, ஆனா லிஃப்டுக்குப் புரியலையே” என்றார். ராப்பகல் திறந்தே கிடக்கும் ஒரு பெட்ரோல் பங்க்கில் சேர்ந்தார். அங்கே கதவே கிடையாது.

மழைக்காலம் வந்து கூடத்தை நனைத்துவிட்டுப் போன பிறகு ‘யாரோ’ ஓர் அறிவிப்பு போட்டார்கள்: தவறான நபர், வருந்துகிறோம், போராட்டம் தொடரும். மனைவி அதைப் படித்த கையோடு எழுந்து போய் வாசற்கதவைத் தள்ளினாள். கதவு முக்கால்வாசி வந்து திரும்பிப் போனது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். அரட்டை அறையில் அவள் பட்டப்பெயர் பல்லி. உள்ளே வரத் தயங்கி நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

“எனக்கு அப்பவே சந்தேகமா இருந்துச்சு சார். எல்லாரும் சரின்னாங்க. நானும் சரின்னு போட்டுட்டேன்.”

“ஒங்க தலைவர் யாரும்மா? அவர்கிட்டயே பேசிக்கிறேன்.”

“தலைவர்னு யாரும் கெடையாது சார். அதான் எங்க பெருமையே.”

“அப்ப நான் யார்கிட்டம்மா போய்க் கேக்குறது?”

அவள் கதவைப் பிடித்து இழுத்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள், காலை நிலையில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். உள்ளங்கை சிவந்துபோனது. மெக்கானிக் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“நெஜமான ஆளு கெடைச்சுட்டான் சார்” என்றாள் குடித்துவிட்டு. “ஆலைக்காரங்க வச்ச ஆளு. சட்டையைப் பழைய துணிக்கடையில வாங்கியிருக்கான்.”

“அவன் வீட்டுக் கதவு?”

“அவன் விலாசத்தைப் போடல சார். மறுபடி தப்பாயிடுமோன்னு எல்லாரும் பயந்துட்டாங்க. ரூமே கலைஞ்சுபோச்சு. பாதிப் பேரு பேரை மாத்திக்கிட்டாங்க.”

மெக்கானிக் சிரித்தார். இத்தனை மாதத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டாள்.

மகளுக்குப் பள்ளி மாற்ற வேண்டியிருந்தது. சித்தி வீட்டில் தங்கி, சித்தப்பா பெயரை முதலெழுத்தாகப் போட்டுப் படிப்பது என்று முடிவாயிற்று. மனைவியும் கூடப் போவதென்றானது. “நீங்களும் வாங்கங்க” என்றாள். “நான் வந்தா அங்கயும் தெறந்துக்கும்” என்றார். பேருந்து நிறுத்தத்தில் மகளின் பை ஜிப் வாயைப் பிளந்தபடியே இருந்தது, அவர் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். வண்டி முக்குத் திரும்பியதும் ஜிப் தானாக ஏறி மூடிக்கொண்டதென்று மகள் போனில் சொன்னாள். சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் அழுதாள். “நல்லதும்மா” என்றார் அவர். முதலில் வாராவாரம் வந்தார்கள், பிறகு லீவுக்கு வந்தார்கள், பிறகு போனில் பேசினார்கள்.

வருஷங்கள் போயின. அந்த வீடு ஏன் திறந்து கிடக்கிறது என்பதைத் தெரு மறந்துவிட்டது. சந்தைத் தெருவிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு அதன் முன்வாசலில் ஏறிக் கொல்லையில் இறங்கினால் சுற்று மிச்சம் என்று கண்டுகொண்டார்கள். ஆரம்பத்தில் தயங்கி, “கொஞ்சம் வழி விடுங்க” என்றார்கள், பின்னாடி அதுவும் இல்லை. கூடைக்காரிகள் போகிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் போகிறார்கள். ஊருக்குப் புதியவர்கள் வழி கேட்டால், “இந்த வீட்டுக்குள்ளாற நேரா போங்க” என்று கை காட்டுகிறார்கள். மெக்கானிக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது சைக்கிள் வந்தால் தட்டை நகர்த்திக் காலை மடக்கிக்கொள்கிறார். யாரும் அவரைப் பார்ப்பதில்லை. சைக்கிள் போனதும் காலை நீட்டிக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறார்.