நாலு மைல் பின்னால்

கெல்ட் கிராமத்திலிருந்து ஹெட்லி நடக்கக் கிளம்பும்போது மணி ஒன்பது. ரீத் ஊருக்குப் பதினோரு மைல். அங்கே புல்வெளியை ஒட்டிய பப்பில் மூன்றிலிருந்து நான்கு வரை காத்திருப்பதாக அண்ணன் ரேமண்ட் எழுதியிருந்தார். அஞ்சலட்டையில் மூன்றே வரி. நாலு மணிக்கு மேல் மாடு கறக்கப் போக வேண்டும். வராவிட்டால் இனி எழுதாதே.

அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்றும் ஹெட்லி இப்படித்தான் பல நாள் நீளும் ஒரு நெடுநடையில் இருந்தார். அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று வழியில் ஒரு விடுதிக்குப் போன் வந்தது. இன்னும் மூன்று நாள் நடைதானே, முடித்துவிட்டே போவோம், அம்மா தாங்குவாள் என்று இவர் பாட்டுக்கு நடந்தார். அம்மா தாங்கவில்லை. சேறு பூசிய பூட்ஸோடு வீட்டு வாசலில் போய் நின்றபோது, அடக்கம் முடிந்து ஒரு நாளாகியிருந்தது. “நடையை முடிச்சுட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு ரேமண்ட் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்றைக்காவது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது? அன்று ரயில் கிடைக்கவில்லை என்று ஏதாவது கதை சொல்லலாமா? இதே யோசனையில் இரண்டு மைல் போனதே தெரியவில்லை. மேட்டில் ஒரு கேட் திறந்து கிடந்தது, கல்லை அண்டக் கொடுத்து. ஹெட்லி கல்லைக் காலால் தள்ளினார், கேட்டைச் சாத்தினார், கொக்கியை மாட்டினார், நடந்தார். நாற்பது வருஷ நடையில் பழகிய கை அது. கேட்டைக் கண்டால் சாத்தாமல் விடாது.

மழை பார்த்து ஆறு வாரம். வெயில் பிடரியைச் சுட்டது. இன்னும் நாலு மைல் தள்ளி ஒரு பண்ணையில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஆடுகள் முண்டியடித்துக்கொண்டிருந்தன. ஒரு குட்டி தாயின் முதுகில் ஏறி விழுந்து குடித்தது. பார்த்துக்கொண்டே நின்றவருக்கு மேட்டு கேட் நினைவுக்கு வந்தது. அந்தக் கல் அங்கே தானாகவா வந்தது? மேய்ச்சல் மேலே, ஓடை கீழே. ஆடுகள் தண்ணிக்கு இறங்க ஒருவன் வேண்டுமென்றே திறந்துவைத்த கேட் அது. இருந்தது இருந்தபடி விட்டுப் போ என்று வழிநடைக்காரன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். பாவி மனுஷனுக்கு இன்று பார்த்தா மறக்க வேண்டும்!

பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினார். நாய் குரைத்தது, ஆள் இல்லை, சந்தைக்குப் போயிருப்பார்கள். கைபேசியில் சிக்னல் செத்துக் கிடந்தது. எதிரே யாராவது வந்தால் சொல்லி அனுப்பலாம். ஆனால் இந்தப் பாதையில் எல்லாரும் இவரைப் போலவே மேற்கிலிருந்து கிழக்காகத்தான் நடப்பார்கள். பின்னால் வருகிறவர்களோ நல்லவர்கள். சாத்தியிருந்த கேட்டைத் திறந்து, கடந்து, மறுபடி ஒழுங்காகச் சாத்திவிட்டு வருவார்கள்.

மணி பன்னிரண்டு. இப்படியே நடந்தால் இரண்டரைக்கு ரீத். திரும்பிப் போய் வந்தால் ஆறு. ஆறு மணிக்கு அண்ணன் இருக்க மாட்டார், இனி எந்த நாளும் இருக்க மாட்டார். ஹெட்லி முன்னால் பத்தடி வைத்தார். நின்றார். அவரை அவரே வாய்விட்டுத் திட்டிக்கொண்டு திரும்பினார்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. குட்டிகள் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. கொக்கியை எடுத்ததுதான் தாமதம், அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடைக்கு ஓடின. கல்லை எடுத்து மறுபடி அண்டக் கொடுத்துவிட்டு, ஒரு நிமிஷம்கூட உட்காராமல் நடையைக் கட்டினார்.

ரீத்தில் பப் நடத்தும் அம்மாள், அண்ணன் கிளம்பிப் போய்விட்டதாகச் சொன்னாள். மாடு கத்துமே, மாடு கத்துமே என்று சொல்லிக்கொண்டே ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தாராம். கூட ஒரு மணி நேரம்! அண்ணனின் பண்ணை இன்னும் இரண்டு மைல். ஹெட்லி கால் கொப்புளம் உடைந்து எரிய எரிய நடந்தார்.

ரேமண்ட் தொழுவத்தில் கடைசி மாட்டைக் கறந்துகொண்டிருந்தார். தலையைத் திருப்பவில்லை.

“வழியில எது பிடிச்சு வச்சுது?”

ஹெட்லி கேட் கதையைச் சொன்னார். ரேமண்டும் ஆடு வளர்க்கிறவர்தான். இந்த வெயிலில் அது என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“எவ்வளவு தூரம் திரும்பின?”

“நாலு மைல்ணே.”

“ஆட்டுக்குன்னா திரும்பத் தெரியுதுல்ல உனக்கு? அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு கெடந்துச்சுடா.”

ரயில் கிடைக்கவில்லை, அம்மா தாங்குவாள் என்று நினைத்தேன். பதினோரு வருஷமாக அடுக்கிவைத்திருந்த சாக்கு ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. திரும்புவது எத்தனை சுலபம் என்று இன்றைக்கு அவர் காலுக்கே தெரிந்துவிட்டது.

“திரும்பியிருக்கலாம்ணே. நான்தான் திரும்பல.”

“இதைச் சொல்ல உனக்குப் பதினோரு வருஷமாடா?” என்று கேட்டுவிட்டு, அறுபத்தெட்டு வயது ரேமண்ட் மாடுகளுக்கு நடுவே நின்று அழுதார்.