வெட்டிப் போட்ட ஒன்றரை வருடம்

காலை பத்து மணிக்குள் எக்ஸ்ரே அறையில் இருபது பேர். "அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிச் சொல்லியே எக்ஸ்ரேக்காரரின் நாக்கு தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் மனிதர் அன்று குஷியாக இருந்தார். வெறுங்காலோடு ஓடினால் முட்டிவலி பறந்துவிடும் என்று அவர் போட்ட வீடியோவை ஒரு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். பார்த்தவர்கள் வைத்த பட்டம் 'வெறுங்கால் வேங்கை'. வீட்டில் மனைவி மட்டும், "வேங்கை, அந்தக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வாங்க" என்பாள்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய முட்டிவலி உண்மையிலேயே போயிருந்தது. ஆனால் அதற்கு ஒன்றரை வருடம் ஆனது. முதல் மாதம் புல்தரையில் ஐந்து நிமிடம்தான். கெண்டைக்கால் இறுகினால் மூன்று நாள் ஓய்வு. மற்ற நாளில் பழைய ஷூ. இதையெல்லாம் சொல்லித்தான் முதலில் படம் பிடித்தார். பன்னிரண்டு நிமிடம் வந்தது. இவ்வளவு நேரம் எவன் பார்ப்பான்? உட்கார்ந்து வெட்டினார். நாற்பது நொடி மிஞ்சியது. வேங்கை பாய்ந்துவிட்டது!

அடுத்ததாக ஒரு பெண் தன் அம்மாவின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தாள். ரொட்டிக் கடையில் வேலை. வலது பாதத்தின் மேல்புறம் வீங்கி மினுமினுத்தது.

"எங்கயாவது விழுந்தியாம்மா?" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டார்.

"விழல சார். ஓடினேன்."

படம் திரையில் வந்தது. இரண்டாவது விரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இருபது வருட அனுபவம், அவருக்குத் தெரியாதா?

"வர்ற வெள்ளிக்கிழமை ஓட முடியுமா சார்? தீயணைப்பு வேலைக்கு ஓட்டத் தேர்வு இருக்கு. எழுத்துத் தேர்வுல பாஸாயிட்டேன். இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும்."

"எத்தனை நாளா வலி?"

"மூணு வாரமா. முட்டி லேசா வலிச்சதுன்னு ஒரு வீடியோவைப் பாத்து ஷூவைக் கழட்டிட்டேன். முதல் நாளே அஞ்சு கிலோமீட்டர் ஓடினேன். பாதம் வலிச்சது. பழகிடும்னு விடாம ஓடினேன்."

அம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "எந்தக் கட்டையில போறவன் அந்த வீடியோவைப் போட்டானோ! என் கையில கெடைச்சான்னா தோலை உரிச்சிடுவேன்!"

"அவரைத் திட்டாதம்மா. அவருக்கு வலி போயிருக்கே. எனக்குத்தான் மனஉறுதி பத்தல."

அம்மாவின் வசவைக்கூட அவரால் தாங்க முடிந்தது. மகளின் இந்தப் பேச்சுதான் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. வாயை மூடிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

"அந்த ஆளு நான்தாம்மா."

"அடப்பாவி!" என்ற அம்மா, அவர் கண் கலங்கியதைப் பார்த்து அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

"உனக்கு மனஉறுதி நெறையவே இருக்கும்மா. எனக்கு அந்த ஓட்டம் பழக ஒன்றரை வருஷம் ஆச்சு. அதை வெட்டிட்டேன். நீளமா இருந்தா யாரும் பாக்க மாட்டாங்கன்னு..."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "நான் பாத்திருப்பேன் அண்ணா. பன்னெண்டு மணி நேரம்னாலும் உக்காந்து பாத்திருப்பேன். எனக்கு அது வேலை கிடைக்கிற விஷயம்."

"சொல்றதை முழுசாச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா தம்பி?" என்றாள் அம்மா. திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

டாக்டர் ஆறு வாரம் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைத் தேர்வு கைவிட்டுப் போயிற்று. எக்ஸ்ரேக்காரர் அன்று மதியம் சாப்பிடவில்லை. பழைய வீடியோவை அழித்துவிட்டு, சுவர் ஓரமாக நின்று புதிதாக ஒன்று எடுத்தார். எந்த இடத்தையும் வெட்டவில்லை.

"வெறுங்கால் ஓட்டம் சிலருக்கு ஒத்துக்கும், சிலருக்கு ஒத்துக்காது. முட்டிக்குப் பாரம் குறைஞ்சா, அது பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் போய்ச் சேருது. எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, அதை உங்ககிட்ட மறைச்சிட்டேன். வலிச்சா ஓட்டத்தை நிறுத்துங்க, டாக்டரைப் பாருங்க. என்னை மாதிரி நாலு பேருக்கு யோசனை சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். கிடைச்ச பலனை மட்டும் சொல்லி, பட்ட பாட்டை மறைச்சா அதுவும் பொய்தான். என் பொய்யை நம்பி ஓடின ஒரு பொண்ணுக்கு, இன்னைக்கு நானே எக்ஸ்ரே எடுத்தேன்."