ஒட்டாத அட்டை

யுகேந்திரனின் கால்கள் ஓரிடத்தில் நிற்காது. புத்தகத்தை விரித்தால் போதும், பையனுக்குத் தாகம் எடுக்கும், முதுகு அரிக்கும், ஒன்றுக்கு வரும். முதலாம் ஆண்டில் பாதி போய்விட்டது, இன்னும் எழுத்துக் கூட்டக்கூட வரவில்லை. அம்மா கலாதேவி கெஞ்சினாள், கொஞ்சினாள், ரோத்தான் பிரம்பையும் எடுத்துக் காட்டினாள். எதுவும் எடுபடவில்லை.

கடைசியில் வகுப்பாசிரியை சுபாஷினிதான் ஒரு வழி சொன்னார். ஓடுகிற பிள்ளையை உட்கார வைக்காதீர்கள், ஓடவிட்டே படிக்க வையுங்கள் என்றார். அட்டையில் ஒரு சொல்லை எழுதிக் கொடுக்க வேண்டும். பையன் அதை வாசித்து, அந்தப் பொருளைத் தேடிப்போய், அதன் மேலேயே ஒட்டிவிட்டு வரவேண்டும்.

ஆட்டம் பையனைப் பிடித்துக்கொண்டது. பசையும் கையுமாக வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தான். அடுத்த அட்டை எங்கே என்று அவனே நச்சரித்தான். கலாதேவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாசி லெமாக் சோற்றுக்கு ஆர்டர் எடுத்துச் செய்கிறவளுக்கு இதில் இன்னொரு லாபமும் இருந்தது. அவன் ஓடும் நேரத்தில் நிம்மதியாகச் சமைக்கலாம். உண்மையைச் சொன்னால், அந்த நிம்மதிக்காகவே அவள் அட்டைகளை அள்ளி அள்ளிக் கொடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை ளகரத்தின் முறை. சோற்றுக்கான மிளகாய்ச் சம்பால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பாடநூலைப் பார்த்து வாளி, புளி, வெள்ளரி, குளம் என்று மளமளவென எழுதி அவன் கையில் திணித்தாள். போய் ஒட்டிவிட்டு வா என்று சொல்லிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சம்பாலில் எண்ணெய் பிரிந்த பிறகுதான் வீடு சத்தமில்லாமல் கிடப்பது அவளுக்கு உறைத்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. குளியலறை வாளியில் அட்டை இருந்தது. புளி போத்தலில் ஒன்று, நறுக்காமல் வைத்திருந்த வெள்ளரியில் ஒன்று. முன்கதவு திறந்து கிடந்தது, வாசலில் அவன் செருப்பைக் காணோம். நாலாவதாக என்ன எழுதினோம் என்று யோசித்தாள். குளம்.

பத்து காஜா ஊரில் அவர்களுடைய தாமான் குடியிருப்புக்குப் பின்னால், ஈயம் தோண்டிக் கைவிட்ட ஒரு பழைய ஈயக்குட்டை உண்டு. தூண்டில் போடப் போகிறவர்கள் அதைக் குளம் என்றுதான் சொல்வார்கள். கரையிலிருந்து நாலடி உள்ளே வைத்தால் ஆழம் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கமே போகாதே என்று ஆயிரம் தடவை சொன்னவள் அவள்தான். இன்று போகச் சொல்லி எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

அடுப்பை அணைத்தோமா என்ற நினைவுகூட இல்லாமல் வெறுங்காலோடு ஓடினாள். பக்கத்து வீட்டுப் பாப்பா அக்கா என்னடி, என்ன என்று கேட்டது காதில் விழுந்தது. அவள் நிற்கவில்லை. லாலான் புல்லைத் தாண்டியதும் கரையில் இரண்டு சின்னச் செருப்புகள் மட்டும் கண்ணில் பட்டன.

இன்னும் நாலு எட்டு வைத்த பிறகுதான் பையன் தெரிந்தான். முழங்கால் தண்ணீரில், முதுகைக் காட்டியபடி குனிந்து நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டால் திடுக்கிட்டுச் சறுக்கிவிடுவானோ என்று பயந்து, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினாள். சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து அவனைக் கரையில் போட்டாள். அடிக்க ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

பையன் அழவில்லை. ஊறிப்போன அட்டையை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, கு, ள, ம் என்று வாசித்துக் காட்டினான்.

"சரியாத்தாம்மா படிச்சேன். ஒட்டத்தான் மாட்டேங்குது. எவ்ளோ பசை வச்சாலும் மெதந்து போயிடுது. இன்னும் கொஞ்சம் உள்ள போனா ஒட்டுமா?"

கலாதேவி சேற்றிலேயே உட்கார்ந்து அவனை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"இனிமே நீ ஒட்டப் போற எடத்துக்கெல்லாம் அம்மாவும் கூட ஓடி வாரேன்."

பையன் சேறு அப்பிய அவள் பாதங்களைப் பார்த்தான்.

"நீ சமைச்சிட்டு லேட்டா வருவம்மா," என்றான்.