செபம் சொல்லாத மாலை

மதலேனாவுக்குப் புத்தி கெட்டது அந்த ஒரு மாலையில்தான். கலியாணம் கட்டி வந்து இருபத்தாறு வருசம். காய்ச்சலோ கலவரமோ, ஆறரைக்குக் கோயில் மணி அடித்தால் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லாமல் அந்த வீட்டில் உலை வைத்ததில்லை. அதுவும் மெல்லவா? வாவியின் அக்கரைக்கும் கேட்கும். அன்றைக்குப் பார்த்து, "இஞ்சருங்க, இண்டைக்குச் செபம் வேணாம்" என்று புருசன் சந்தியாப்பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

பயம், வேறென்ன! காலையில் ஆமி ஊரைச் சுற்றி வளைத்து, ஆளைக் காட்டிக் கொடுக்கும் முகமூடி போட்ட தலையாட்டிக்கு முன்னால் இளந்தாரிகளை நிறுத்தி, பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மகன் கிறகோரி மட்டும் வாவிக்கரைக் கண்ணாப் பற்றைக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்று தப்பி வந்து, அறைக்குள் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தான். ஆமியின் காவல் சென்றியோ வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். ஒரு இருமல் போதும், பிள்ளை போய்விடும்.

மணி அடித்து ஓய்ந்தது. வீடு மூச்சுக் காட்டாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் படலை கிறீச்சிட்டது.

துவக்கோடு ஒரு ஆமிக்காரன், தனியாக. "ஏன் அம்மா, இண்டைக்குச் செபம் இல்ல?" என்றான். சிலாபத்து வேதக்காரனாம், தமிழ் தெரியுமாம். "நான் அங்க சென்றியில நிண்டு ஒவ்வொரு நாளும் சேர்ந்து சொல்லுறது."

எதைச் செய்தால் இவன்கள் கண்ணில் படமாட்டோம் என்று நினைத்தாளோ, அதுவே இவனை வாசலுக்குக் கூட்டி வந்துவிட்டது. "தலையிடி, தம்பி" என்றாள்.

"அப்ப இப்ப சொல்லுவம்." தொப்பியைக் கழற்றி வாசலிலேயே முழந்தாளிட்டான்.

அவளும் முழந்தாளிட்டுத் தொடங்கினாள். முதல் பாதி அவள், மறுபாதி சந்தியாப்பிள்ளை. ஆமிக்காரன் உதட்டை மட்டும் அசைத்தான். செபமாலையின் நாலாவது மணியில் சந்தியாப்பிள்ளையின் கண் அறைப்பக்கம் போனது. பதில் வரவில்லை. வந்தது அறைக்குள்ளிருந்து! பால்குடி நாளிலிருந்து பழகிய வாய், ஆபத்தையா யோசிக்கும்? "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்..." என்று கிறகோரியின் கட்டைக் குரல் தெளிவாகச் சொல்லி, சட்டென்று நின்றது.

எண்ட மாதாவே, நானே பிள்ளையைக் காட்டிக் கொடுத்திட்டனே! மதலேனாவின் மனசுக்குள் அதுதான் ஓடியது. ஆமிக்காரன் அறைவாசலில் தொங்கிய சீலையையே பார்த்தான். கை துவக்குக்குப் போனது. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன நடக்குமோ என்ற பயத்தில் அடுத்த மணியைக் கத்திச் சொன்னாள், அதற்கடுத்ததையும், பத்தும் முடியுமட்டும்.

அவன் எழும்பிச் சிலுவை போட்டுக்கொண்டு தொப்பியை வைத்தான்.

"நாளைக்கும் செபம் சொல்லுங்க, அம்மா" என்றான், குரலைத் தாழ்த்தி. "ரெண்டு குரல்தான் கேக்கோணும்."