சபை றோட்டோடு நின்றுவிடும்

பிரதேச சபையின் டிரக்டரிலிருந்து கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த ராக்கம்மா, அழுகையை நிறுத்தாமலே கண்ணை வாசலுக்கு அனுப்பி அதைப் பார்த்துக்கொண்டாள். சனம் உட்கார எல்லாம் நீல நிறப் புதுக் கதிரைகள். கூடாரம் காலையிலேயே வந்துவிட்டது. வாசலில் அணைந்து கிடந்த தெருவிளக்குக்குக்கூட ஒருவன் ஏணி போட்டுப் புது பல்ப் மாட்டிவிட்டுப் போயிருந்தான். தங்கச்சி வீட்டில் செத்தால் இப்படித்தான். கேட்காமலே எல்லாம் வரும்.

கண்டிப் பக்கத்துத் தெல்தெனியவைத் தாண்டி உள்ளே போகும் அந்தச் சின்ன டவுனில், றோட்டுக்கு மேலே இருப்பவர்கள் சபைக்காரர்கள், கீழே இருப்பவர்கள் தோட்டத்துக்காரர்கள். மேலே விளக்கு, குழாய்த் தண்ணீர், செவ்வாய்க்கிழமை தோறும் மணியடித்துக்கொண்டு வரும் குப்பை டிரக்டர். கீழே லயம், தோட்டத்து வரிசை வீடுகள். சபை றோட்டோடு நின்றுவிடும். இரண்டு மகள்களில் மூத்தவள் ராக்கம்மா, கல்யாணமாகி, புருஷனையும் பறிகொடுத்து, அதே லயத்துக் காம்பறாவிலேயே கிடந்தாள். இளையவள் நிஷாந்தினி றோட்டைத் தாண்டிப் போய்விட்டாள். அவள் கட்டிக்கொண்ட ரவிகுமாருக்குச் சபையிலேயே வேலை, தண்ணீர்க் குழாய்ப் பிரிவில்.

இது இன்று நேற்று வந்த பொறாமையில்லை. மூத்தவளுக்குக் குலதெய்வத்தின் பெயரை வைத்துக் கடமையை முடித்துக்கொண்ட அப்பா கறுப்பையா, இளையவள் பிறந்தபோது மட்டும் றேடியோவில் கேட்ட பெயரை நாலு நாள் வாயில் போட்டுப் புரட்டிப் பார்த்துத்தான் வைத்தார். ராக்கம்மா பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வாள். அப்போது தொடங்கியது, ஐம்பது வயதாகியும் ஆறவில்லை.

அம்மா போன பிறகு அப்பாவை வைத்துப் பார்த்தவள் ராக்கம்மா. கஞ்சி, மருந்து, கால் வீக்கத்துக்கு எண்ணெய், எல்லாம் அவள்தான். அவரும் சும்மா இருக்கமாட்டார். செவ்வாய்க்கிழமை மணிச் சத்தம் கேட்டால் மகளின் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போய், நிஷாந்தினி வீட்டுக் கேட்டில் வைத்துவிட்டு, அந்த வீட்டுக் குப்பை போலவே முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். போன மழைக்கு லயத்துக் கக்கூசுக்கு இறங்கும் வழியில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள், "ராக்கு, நான் மேல போய்க் கொஞ்ச நாள் இருக்கேன்" என்றார். அங்கே கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

போங்க என்று சொன்னாள். அவருடைய சட்டைகளை மடித்துக் கொடுத்தாள். பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. குப்பையையும் கொண்டுபோகவில்லை. லயத்துக்குப் பின்னால் குவித்து நெருப்பு வைத்தாள். காற்று மேல்பக்கமாக அடிக்கிற நேரம் பார்த்துத்தான் வைத்தாள் என்பதை இங்கே மறைக்கவேண்டியதில்லை.

இப்போது அவர் மேல் வீட்டு மண்டபத்தில் டைல்ஸ் தரையின் மேல் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். வருகிறவர்களெல்லாம் நிஷாந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசிக் காலத்துல ராசா மாதிரி வச்சிருந்தியே" என்கிறார்கள். கடைசிக் காலமாம்! ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையில் வைத்திருந்தவளுக்கே நல்ல பெயர் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சபையின் தகனசாலைக்குப் போகிற வழியில், லயத்துக்கு இறங்கும் படியின் தலைப்பில், அப்பாவைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கவேண்டும். அவர் பிறந்த இடம், உழைத்த இடம், தன் வாசல். அங்கே வைத்து அவள் வாய்க்கரிசி போடவேண்டும். ரவிகுமாரைத் தேடிப் பிடித்து, நிஷாந்தினியின் காதிலும் விழும்படி சொன்னாள்.

"ஏலாது மதினி. அது வளைவு, வேன் நிப்பாட்ட எடமில்ல. நாலு மணிக்கு நமக்கு நேரம் குடுத்திருக்காங்க. பிந்துனா அடுத்த பொணத்த உள்ள எடுத்துருவாங்க."

"ஒரு நிமிசம் எறக்கி வச்சா ஒங்க சபை கொறஞ்சா போயிரும்?"

"நான் அங்க வேல செய்றவன். நானே பிந்திப் போனா நல்லாவா இருக்கும்?"

அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். கொள்ளி வைப்பது கொழும்பிலிருந்து வந்திருக்கும் தன் மகன் சதீஸ்தான், நிஷாந்தினிக்கு இரண்டும் பெண்கள் என்று நினைத்து ராக்கம்மா மனதைத் தேற்றிக்கொண்டாள். அதிலும் பெரிய ஆறுதல் கிடைக்கவில்லை.

கதிரைகளைப் போட்டு முடித்த டிரக்டர் சாரதி நஸீம் கூடார ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். குப்பை டிரக்டரும் அவன் கையில்தான். ராக்கம்மா வெற்றிலை துப்ப வெளியே வந்ததும் கிட்டே வந்தான்.

"நீங்கதானே கீழ ஈக்கிற மக?"

"ஆமா. ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, ஐயா எந்த நேரமும் ஒங்களப் பத்தித்தான் பேச்சு. செவ்வாய்க்கிழம வந்தா டிரக்டர உடமாட்டார். கைய வெச்சிக் கொண்டு நிப்பார். 'கீழ மக ஈக்கிறா, பையத் தூக்கிக் கொண்டு இப்ப ஏறி வருவா, கொஞ்சம் நில்லு தம்பி'ன்னு செல்லுவார். எங்களுக்கும் அவசரந்தான். அவர்ட மொகத்துக்காக நிப்போம்." நஸீம் கீழே கையைக் காட்டினான். "நீங்க வாரல்ல. பொக மட்டுந்தான் வரும். பொறகு எங்களப் போகச் செல்லுவார்."

"எப்ப இப்படி நின்னாரு?"

"எல்லா செவ்வாயுந்தான். போன கெழமையும் நிண்டார். நிக்க ஏலாம கேட்டப் புடிச்சிக் கொண்டு."

அவன் சொல்லிவிட்டு டிரக்டருக்குப் போய்விட்டான். ராக்கம்மாவுக்கு வெற்றிலைச் சாறு வாயிலேயே நின்றது.

நிஷாந்தினி வீட்டுக்குப் பின்னால் தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ராக்கம்மா நேரே போய் அவள் முன்னால் நின்றாள்.

"அப்பா என்னைய வரச் சொன்னாரா?"

நிஷாந்தினி கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"ஒன்னையத்தான் கேக்குறேன். செவ்வாய்க்கிழம வரச் சொல்லி அனுப்புனாரா?"

"சொன்னாரு."

"நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ வந்துருப்ப."

கழுவிய கோப்பையையே நிஷாந்தினி திரும்பவும் கழுவினாள்.

"நீ வந்து நின்னா ஒன் கையப் புடிச்சிக்கிட்டுப் படி எறங்கிருவாரு அக்கா. இங்க என்ன இல்ல? கொழாய் இருக்கு, லைட் இருக்கு, கக்கூஸ் இருக்கு. நான் சோத்தப் பெசஞ்சு வாயில வச்சா, 'ராக்கு சாப்பிட்டாளா'ம்பாரு. கேட்டுல நின்னு கீழயே பாத்துக்கிட்டு இருப்பாரு. ஒரு நாளாவது என்னைய அப்புடித் தேடியிருப்பாரா? சின்னப் புள்ளயிலயும் ஒன் இடுப்புலதான் என்னையத் தூக்கி வச்சுட்டு நடப்பாரு, பேசிக்கிட்டுப் போறது ஒங்கூடத்தான். இப்ப கொள்ளி வைக்கவும் ஒன் மகன். கொஞ்ச நாளு எங்கிட்ட இருக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

இத்தனை வருஷமும் பொறாமை தன் ஒருத்தியின் சொத்து என்று ராக்கம்மா நினைத்திருந்தாள். தன்னுடைய சேலையை இன்னொருத்தி கட்டிக்கொண்டு எதிரில் வந்து நிற்பதுபோல் இருந்தது. முதலில் உள்ளே ஒரு சந்தோஷம் எழும்பியது. அவர் தன்னைத்தான் தேடியிருக்கிறார்! அந்தச் சந்தோஷம் இரண்டு மூச்சுக்குக்கூட நிற்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் பார்த்த புகை, அவள் வைத்த புகை.

"நல்லா இருடீ" என்று மட்டும் சொன்னாள். வாழ்த்தா, சாபமா என்று அவளுக்கே தெரியாது.

மூன்று மணி கடந்ததும் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் கேட்டோடு நின்றுவிடவேண்டும். பிரேத வேனின் கதவு மூடிக்கொண்டது. துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகளுக்குக் கீழே அது மெல்ல உருண்டு, லயத்துப் படிகளை நெருங்கியபோதுதான் நிஷாந்தினி ஓடினாள். தலைமுடி அவிழ்ந்து, செருப்பில்லாமல் ஓடி, வேனின் பக்கவாட்டில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"நிப்பாட்டுங்க! இங்க எறக்குங்க!"

"பைத்தியமா ஒனக்கு? நேரமாகுது!" என்று ரவிகுமார் முன் ஆசனத்திலிருந்து கத்தினான்.

"நேரம் போனாப் போகட்டும். எறக்குங்கன்னு சொல்றேன்ல!"

வேன் வளைவிலேயே நின்றது. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்து, விஷயம் தெரிந்ததும் அடங்கியது. லயத்துச் சனம் படியேறி வந்தது. சதீசும் மற்றவர்களும் பெட்டியைப் படித்தலைப்பில் வைத்து மூடியைத் திறந்தார்கள். கேட்டிலிருந்து ஓடி வந்த ராக்கம்மா அரிசியை அள்ளி அப்பாவின் வாயில் போட்டாள். முகத்தைத் துடைத்துவிட்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கொடுத்தவள் தங்கச்சி. அதுவும் தைத்தது.

வேன் போன பிறகு வீட்டைக் கழுவவேண்டும், பெண்கள் தலைமுழுகவேண்டும். மேல் வீட்டுக் குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறியது. வந்த சனமெல்லாம் கைகால் கழுவித் தண்ணீர்த் தாங்கியைக் காலிபண்ணியிருந்தது. சபைத் தண்ணீர் இனி நாளைக் காலையில்தான்.

"பீலிக்குப் போவோம்" என்றாள் லயத்துக்காரி ஒருத்தி.

எல்லோரும் படியிறங்கினார்கள். கல்யாணமான நாளிலிருந்து நிஷாந்தினி அந்தப் பக்கம் குளிக்க வந்ததில்லை. பாசி பிடித்த கல்லில் கால் வைக்கத் தெரியாமல் தடுமாறினாள். யாரும் கைகொடுக்கவில்லை. மலையிலிருந்து தகரப் பீலி வழியாக விழும் அந்தத் தண்ணீர் எந்தச் சபையையும் கேட்டு வருவதில்லை, நிற்பதுமில்லை. கீழே நிற்க ஒருவருக்குத்தான் இடம்.

ராக்கம்மா முதலில் போய் நின்றாள். மூத்தவள், அவள்தான் முதலில் நிற்கவேண்டும். பனி இறங்கும் நேரத்துத் தண்ணீர் தலையில் கல்லாக விழுந்தது. அவள் அவசரப்படவில்லை. கூந்தலை அவிழ்த்து, அலசி, பிழிந்து, திரும்பவும் அலசினாள். பின்னால் சாரலில் நனைந்த சேலையோடு நின்ற நிஷாந்தினியின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கேட்டும் ராக்கம்மா இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

பிறகு, வெளியே வராமல், பீலியின் கீழே பாதி இடம் விட்டுப் பாறைப் பக்கமாக ஒதுங்கினாள்.