மூன்றாவது தட்டு

பூவம்மாள் சிமெண்டுத் தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டுக் கெண்டையைச் செவுளோடு சேர்த்துப் பிடித்து வெளியே எடுத்தபோது, அலினா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று நாளாக அந்த மீன் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தது. தினமும் தண்ணீர் மாற்றி, சோற்றுப் பருக்கை போட்டு வளர்த்தவளுக்கு அதை வெட்ட மனம் வரவில்லை. அவள் புருஷனுக்கும் வரவில்லை. "நீ வந்து வெட்டு, பூவம்மா. நாங்க முடியாது" என்று முந்தாநாள் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் இந்த மழையில் பூவம்மாள் சுண்ணாம்புக்குளத்திலிருந்து முதல் பஸ் ஏறி வந்திருந்தாள்.

"கண்ணைத் தொறக்காத. நான் சொல்றப்ப தொற" என்று சொல்லிவிட்டு, அரிவாள்மணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கெண்டை கேட்டதிலேயே அவளுக்கு வருத்தம்தான். பழவேற்காட்டு உப்புத்தண்ணீரில் மடவையும் இறாலும் நண்டும் கொழுத்துக் கிடக்க, சேற்று நாற்றமடிக்கும் நல்லதண்ணீர் மீன்தான் வேண்டும், அதுவும் உயிரோடு வேண்டும் என்று ஒருத்தி கேட்டால் மீன்காரி என்ன நினைப்பாள்? ஆனாலும் ஏரிக்கரையில் சொல்லிவைத்து, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அவர்கள் ஊரில் பெரிய பண்டிகையாம். அன்றைக்கு அந்த மீன் இல்லாமல் ஆகாதாம்.

அவர்கள் ஊர் போலந்து. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே இரும்புக்கம்பித் தொழிற்சாலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கான எந்திரங்கள் கப்பலில் வந்தபோது, அவற்றைப் பூட்டிக்கொடுக்க ஸ்டானிஸ்லாவும் வந்தார். அந்தப் பெயர் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. 'தொரை' என்றார்கள். இராமலிங்கம் புதிதாகக் கட்டிய மாடி வீட்டின் மேல்பாதியில் இருவரும் குடியிருந்தார்கள். வந்த புதிதில் தெருவே வாய்பிளந்து பார்த்தது. சாயங்காலம் இருவரும் கைகோத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்து போவார்கள். காய்கறிப் பையைத் துரைதான் சுமப்பார். சாப்பிட்ட தட்டுகளைப் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து அவரே கழுவுவார். இராமலிங்கத்தின் மனைவி தாயாரம்மாள் முதல் தடவை அதைப் பார்த்தபோது, ஏதோ பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டவள்போல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

அலினாவுக்குத் தமிழ் வந்தது பூவம்மாளிடமிருந்துதான். கூடையை இறக்கி வைத்துப் பின்படிக்கட்டில் உட்கார்ந்தால் அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். மீனைக் காட்டி, கத்தியைக் காட்டி, மழையைக் காட்டி, "இது இன்னா? அது இன்னா?" என்பாள். ஒரு வருஷத்தில் அவள் பேசிய தமிழில் உப்பங்கழி வாசம் அடித்தது. "வெள்ளைக்காரி வாயில மீன்காரி பாஷை" என்று தாயாரம்மாள் சிரிப்பாள்.

இந்த வருஷம் பண்டிகைக்கு மெட்ராஸில் இருக்கும் தங்கள் ஊர்க்காரர்களோடு, இந்த மீனையும் கொண்டுபோய், சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டது. தாயாரம்மாளும் புருஷனும் மகளின் பிரசவத்துக்காகக் கடம்பத்தூர் போயிருந்தார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் அன்று அந்த இரண்டு பேர்தான்.

மீனைத் துண்டுபோட்டுக் கழுவிக் கொடுத்துவிட்டுப் பூவம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். மனசு வீட்டில் இருந்தது. காலையில் கிளம்பும்போது அவள் புருஷன், "வானம் ஒரு மாதிரி கீது. இன்னிக்குப் போவாத" என்றிருந்தான். "நீ மட்டும் வலை எடுக்கப் போவலியா?" என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள். பஸ் வரவில்லை. ரோட்டை வெள்ளம் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்றார் டிக்கெட் கொடுக்கிறவர். ஏரி உடைந்தது என்றார் ஒருவர். உப்பங்கழியே ஊருக்குள் ஏறிவிட்டது என்றார் இன்னொருவர். படகுகள்? யாருக்கும் தெரியவில்லை.

அவள் டீக்கடை ஓரத்தில் பொழுதெல்லாம் நின்றாள். காற்று தகரக் கூரைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தன் வாழ்நாளில் எத்தனையோ மழையைக் கரையில் நின்று பார்த்திருக்கிறாள். படகு திரும்பாத பொழுதுகளில் மற்றப் பெண்களோடு சேர்ந்து மணலில் உட்கார்ந்திருக்கிறாள். அப்போதெல்லாம் எதிரில் தண்ணீராவது இருக்கும், பார்த்துக்கொண்டிருக்க. இங்கே எதிரில் ஒரு சைக்கிள் கடையும் அரிசி மண்டியும்தான் இருந்தன. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது, தாயாரம்மாளின் மாட்டுக்கொட்டகையில் முடங்கிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கொட்டகை வாசலில் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தபோது மேலே பேச்சுக்குரல் கேட்டது. மாடி வராந்தாவில் இருவரும் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரை வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் போட்டிருந்தார். அலினா தலையைப் பின்னி மேலே சுற்றியிருந்தாள். கருமேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத வானத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று பூவம்மாளுக்கு விளங்கவில்லை. மாடு ஒருமுறை கத்தியது. அலினா கீழே பார்த்தாள்.

வெறுங்காலோடு அவள் படியிறங்கி ஓடிவந்த சத்தம் கேட்டது. வழக்கமான பின்கதவு அல்ல, முன்கதவு திறந்தது.

"பூவம்மா! நீ ஊட்டுக்குப் போவல?"

"பஸ்ஸு இல்லம்மா. ரோடே இல்லன்றாங்க. இங்கயே ஓரமா படுத்துகினு காலையில போயிடறேன்."

அலினா பூவம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இறங்கிவந்த துரையிடம் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அவர் படியிலேயே நின்றுவிட்டார். பிறகு, பெரிய மனிதர் யாரோ வந்ததுபோல, இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பூவம்மாளுக்குத் தலை குனிந்தார்.

அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று. "நாத்தம் அடிக்கிறேம்மா, மேல வாணாம்" என்று எவ்வளவோ சொன்னாள். அவர்கள் விடவில்லை. துரை வராந்தாவுக்குப் போய்விட, அலினா துண்டு கொடுத்துத் துவட்டச் சொன்னாள். தீபாவளிக்குத் தாயாரம்மாள் அவளுக்குக் கொடுத்து, கட்டத் தெரியாமல் பெட்டியில் கிடந்த புதுச் சேலையை எடுத்து நீட்டினாள். அரக்கு நிறம், ஜரிகைக் கரை. கல்யாணத்துக்குப் பிறகு பூவம்மாள் உடம்பில் ஜரிகை பட்டதில்லை.

கரண்ட் போயிருந்தது. மெழுகுவர்த்திகள் எரிந்தன. நடுவில் மேஜை, அதன்மேல் சலவை வெள்ளையில் துணி. துணி சமமாக இல்லாமல் அங்கங்கே மேடு தட்டியிருந்தது. பூவம்மாள் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே வைக்கோல் பரப்பியிருந்தது.

"இன்னாம்மா இது, மாட்டுக்குப் போடறத இங்க போட்டுக்கீறீங்க?"

"மொத நட்சத்திரம் வந்தாத்தான் சாப்பிடணும், மேல அதத்தான் தேடினோம். எங்க சாமி மாட்டுக் கொட்டாயில பொறந்துச்சு. இன்னிக்குத்தான்."

பூவம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் தட்டுகளைக் கவனித்தாள். மூன்று தட்டுகள் இருந்தன. மூன்று கிண்ணம், மூன்று தம்ளர். மூன்றாவது நாற்காலி சற்று வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தது. யாரோ உட்காரப்போகிறார்கள்.

"யாராவது வராங்களாம்மா? அப்பொ நான் வராந்தாவுல குந்திக்கிறேன்."

அலினா தலையாட்டினாள். வார்த்தை தேடினாள். "இல்ல. இந்தத் தட்டு... எங்க ஊர்ல எல்லா ஊட்லயும் இந்த நாளு ஒரு தட்டு சேத்து வப்பாங்க. யாரோ வருவாங்க. யாருன்னு தெரியாது. வந்தா, குந்தி சாப்பிடணும்."

"வந்துக்கீறாங்களா?"

அலினா புருஷனைப் பார்த்தாள். தங்கள் பாஷையில் அவள் கேட்டதற்கு அவர் உதட்டைப் பிதுக்கித் தலையை அசைத்தார்.

"நான் சின்னப் புள்ளயா இருந்தேன். எங்க நைனா சண்டைக்குப் போனாரு. வரல. அம்மா தட்டு வச்சாங்க. நைனா வருவாருன்னு வச்சாங்க. வருஷம் வருஷம் வச்சாங்க. நான் கதவையே பாத்துகினு இருப்பேன். யாரும் வரல. அவரு ஊட்லயும் வரல." அவள் குரல் இறங்கிப்போனது. "ஒரு தபாகூட யாரும் வரல, பூவம்மா. நீ வந்த."

மெழுகுவர்த்திச் சுடர்கள் காற்றில் படுத்து எழுந்தன. பூவம்மாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தத் தட்டை வைத்தபோது தான் பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்போம் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எங்கே போவது என்று தெரியாமல் அங்கே நின்றுகொண்டிருந்த நேரத்தில் இங்கே ஒருத்தி தட்டைத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு என்று அவளுக்கும் தெரியாது. எத்தனை வாசலில் பூவம்மாள் கூடையை இறக்கியிருக்கிறாள்! 'இன்னிக்கு வேணாம் போ' என்ற குரலையே பாதி நாள் கேட்டிருக்கிறாள். தன் வீட்டிலும் எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைத்தான் வழித்துச் சாப்பிடுவாள். தனக்கென்று யாரும் முன்னதாகத் தட்டு வைத்து அவள் பார்த்ததில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தபோது கால் தரையை எட்டவில்லை. அலினா ஒரு கடித உறையிலிருந்து காகிதம்போல மெல்லிய வெள்ளை அப்பம் ஒன்றை எடுத்தாள். அவள் அம்மா ஊரிலிருந்து அனுப்பியது. சாப்பிடும் முன் ஒருவர் கையிலிருப்பதை இன்னொருவர் பிட்டு, அவருக்கு நல்லது ஒன்று கேட்க வேண்டுமாம். புருஷனும் பெண்டாட்டியும் முதலில் பிட்டுக்கொண்டார்கள். துரையின் கண் கலங்கியிருந்தது. பிறகு அலினா பூவம்மாளிடம் திரும்பி, "ஒனுக்கு இன்னா வேணும்?" என்றாள்.

அதுவரை அடக்கிவைத்திருந்தது உடைந்தது. "எங்க ஊட்டுக்காரரு... வலை எடுக்கப் போனாரும்மா. கரை சேந்தாரா இல்லியான்னே தெரியல." சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பேரு இன்னா?"

பூவம்மாள் திகைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் சொன்னதில்லை. வோட்டுப் போடும் இடத்தில்கூடப் பக்கத்தில் நின்ற யாரோதான் சொன்னார்கள். சொன்னால் அவன் ஆயுசுக்கு ஆகாது என்று பயம். இங்கே பக்கத்தில் எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. ஜாடை காட்டிச் சொன்னால் இவர்களுக்குப் புரியவும் புரியாது. அலினா அப்பத்தை நீட்டியபடி காத்திருந்தாள். வெளியே மழை ஓவென்று பெய்தது.

"மணவாளன்" என்றாள் பூவம்மாள்.

சொன்ன பிறகு அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்து எழுந்தவனின் பெயர் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. அலினா ஓரத்தைப் பிட்டுக்கொண்டு, சிறு பிள்ளை பாடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "மனவாலன் ஊட்டுக்கு வரணும். நல்லா வரணும்." துரையும் தன் கட்டைக்குரலில் அந்தப் பெயரைச் சொன்னார். மூன்று பேர் வாயிலும் அது இருந்தது.

பிறகு சாப்பிட்டார்கள். ரத்தம்போலச் சிவந்த பீட்ரூட் ரசத்தைப் பார்த்துப் பூவம்மாள் முதலில் பயந்தாள். கசகசாவும் தேனும் போட்டுப் பிசைந்த சேமியா போல ஒன்று வந்தது. வறுத்த கெண்டையில் புளியும் இல்லை, மிளகாயும் இல்லை, சீக்காளிக்குப் போடுவதுபோல இருந்தது. ஆனால் சேற்று வாடை துளியும் இல்லை. அதற்காகத்தான் நல்ல தண்ணீரில் விட்டு வைத்தார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள். முடிந்ததும் இருவரும் மெதுவாகப் பாடினார்கள். தாலாட்டு என்று சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. வைக்கோலின் மேல் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் மழை விட்டிருந்தது. மூன்று பேரும் கிழக்கே நடந்தார்கள். கடைசி வீடு தாண்டியதும் ரோடு தண்ணீருக்குள் இறங்கியது. அதற்குமேல் ரோடும் இல்லை, வயலும் இல்லை, வரப்பும் இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரே தண்ணீர், அதன்மேல் புது வெயில். கதிர் பிடித்த நெல்லின் நுனிகள் மட்டும் அங்கங்கே தெரிந்தன. யார் யார் வயல்களோ.

பஸ் வரும் திசையில், இருபக்கப் புளியமரங்களுக்கு நடுவே, ஒரு படகு வந்துகொண்டிருந்தது. கழி ஊன்றியவன் எழுந்து நின்றிருந்தான். பூவம்மாள் முழங்கால் தண்ணீருக்குள் போய்விட்டாள். கழி போடும் விதத்தைப் பார்த்தாள். அவன் இல்லை. நாத்தனார் மகன் துளசிராமன்.

"அத்தே! நீ இங்கதான் கீறியா?" என்று தூரத்திலிருந்தே கத்தினான். "மாமா நேத்தே கரையேறிட்டாரு. நீ வரலன்னதும் ஒரே பேஜாரு. விடியறதுக்குள்ள படகை எடுத்துகினு ஒன்னியத் தேடிப் போயிட்டாரு. எந்தப் பக்கம்னு தெரியல. ஏறு, போற வழியில பாத்துக்கலாம்."

அலினாவுக்குப் பாதிதான் புரிந்தது. அதற்குள் பூவம்மாள் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் படகில் ஏறியிருந்தாள். அரக்குச் சேலையின் ஜரிகை நனைந்திருந்தது. படகு திரும்பியது. கழி தண்ணீருக்கடியில் தார் ரோட்டில் படும்போதெல்லாம் 'டக்'கென்று சத்தம் கேட்டது. மைல்கல்லின் தலையில் ஒரு நாரை நின்றிருந்தது. பூவம்மாள் திரும்பிப் பார்த்தபோது, துரையும் அலினாவும் கணுக்கால் தண்ணீரில் கைகோத்து நின்றுகொண்டு, பஸ் போகும் வழியில் படகு போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முன்பக்கம் திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அந்த வெள்ளைப் பரப்பில் இன்னொரு கழி எங்காவது எழுந்து தாழ்கிறதா என்று தேடினாள். நெற்கதிர்களுக்கு மேலே மடவை ஒன்று துள்ளி, வெயிலில் மின்னி, விழுந்தது.